ஆபுத்திரன்: ஊரும் தீவும்

ஆபுத்திரன் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் கிளைக்கதை மாந்தன். மணிமேகலைக்கு முன் அமுதசுரபியை வைத்திருந்தவன் என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறான். ஆனால் அவன் கதையின் திருப்பங்களுக்குக் காரணம் பாத்திரம் மட்டுமன்று, அவன் பெற்ற கல்வியும்தான்.

தாய் சாலி தோட்டத்தில் விட்டுச்சென்ற குழந்தைக்கு ஏழு நாள் பாலூட்டியது ஒரு பசு. பின்னர் வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதி எடுத்து வளர்த்து, வேதம் கற்பித்தான். கல்வியை ஊரே போற்றிய சூழல் அது. (அத்தகைய மதிப்புக்குப் பிற்காலச் சான்று ஒன்று புதுச்சேரியில் உள்ளது: பாகூரின் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை 9-ஆம் நூற்றாண்டுப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது.) ஆனால் வேள்விப் பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோது, கற்றதே ஊருக்கு எதிரான வாதமாயிற்று. விலங்குகளுக்குப் பிறந்த முனிவர்களைப் பட்டியலிட்டான். தாயைப் பழித்தவர்களுக்கு வசிட்டரையும் அகத்தியரையும் காட்டினான். மறுமொழி இல்லாதவர்கள் அவனைத் துரத்தினர். இளம்பூதியும் வீட்டில் சேர்க்கவில்லை. பிச்சைக் கலத்தில் கல்லே விழுந்தது.

தீவில் ஒதுங்கியவர் கதைகளில் கல்வி பொதுவாகப் பிழைப்புக்கு உதவும். 1812-இல் வெளிவந்த யோகான் டேவிட் வீசின் சுவிஸ் குடும்ப ராபின்சன் நாவலில் நான்கு சகோதரர்களுள் ஏர்னஸ்ட்தான் புத்தகப் பிரியன். அவன் படிப்பு குடும்பத்துக்கே பயன்படுகிறது. சாவகம் செல்லும் வழியில் மணிபல்லவத்தில் இறங்கிய ஆபுத்திரனையோ, அவன் ஏறிவிட்டதாக எண்ணி இரவில் கப்பல் விட்டுச்சென்றது. கையில் வற்றாத அமுதசுரபி இருந்தது, உயிர்வாழத் தடையில்லை. பலர் பசி தீர்த்த பாத்திரத்தில் தான் ஒருவனாக உண்ண மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து இறந்தான். இதை வெறும் துறவாக வாசிப்பது போதாது. பிறருக்கு இடுவதற்கென்றே வாழ்ந்தவனுக்கு, இடுவதற்கு யாரும் இல்லாத தீவில் வாழ்வின் பொருளே அற்றுப்போகிறது.

அடுத்த பிறவியில் அவனைச் சாவகத்து மன்னன் புண்ணியராசன் ஆக்கியது வினைக்கோட்பாட்டுக்குத் தேவைப்பட்டிருக்கலாம். கதையின் கூர்மையை அது சற்று மழுக்கவே செய்கிறது. எனினும் 25-ஆம் காதை அதை ஈடுசெய்கிறது. அங்கே மன்னன் புன்னை நிழலில் மணலுக்கடியில் தன் பழைய எலும்பையே காண்கிறான். அவனைத் தவறவிட்டதை உணர்ந்து திரும்பிவந்து, இறந்தது அறிந்து தாமும் உயிர்விட்ட ஒன்பது செட்டிகளின் எலும்புகளும் அங்கேயே கிடக்கின்றன.