அளவுச் சட்டை

அம்பேத்கர் ஏன் கோட்டுப் போட்டார் என்று கேட்டவர்கள் ஏராளம். அந்தக் கோட்டு அவருக்குப் பொருந்தியிருந்ததா என்று கேட்டவர்களைக் காணோம். முதல் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு உட்கார்ந்திருக்கிறது: வெள்ளைக்காரனைப் பார்த்துப் போட்டுக்கொண்டார் என்று. நம்மவர்கள் பதில் சொல்ல வந்தால் அது அடையாளம், அது எதிர்ப்பு என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் கோட்டு வெறும் குறி. துணி, தையல், தோள், கை எதுவும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு தையற்காரர் பார்க்கிற மாதிரி அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தையற்காரர் முதலில் பார்ப்பது தோளை. "தோள் புடிச்சிருச்சுன்னா மத்தத சரி பண்ணிரலாம் தம்பி. தோள் போச்சுன்னா பிரிச்சுப் போட்டுத்தான் தைக்கணும்" என்பார்கள். தோள் தையல் தோளெலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டிக் கையில் வழிந்தால் சட்டை வேறு யாருக்கோ வெட்டியது. அடுத்தது கழுத்து, காலர் பின்கழுத்தை ஒட்டி உட்கார வேண்டும். பொத்தானைப் போட்டதும் வயிற்றில் குறுக்கே இழுப்பு விழுந்தால் இறுக்கம். கோட்டுக் கையின் நுனியில் உள்சட்டை அரை அங்குலம் தெரிய வேண்டும். இதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்றாலே தெரிந்துவிடும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கை உடம்போடு சேருகிற வட்டத்தை அக்குளை ஒட்டி உயரமாக வெட்டியிருந்தால், கையைத் தூக்கினாலும் கோட்டு கிடந்த இடத்தில் கிடக்கும். கீழே இறக்கி வெட்டியிருந்தால் கையோடு மொத்தக் கோட்டும் மேலே ஏறி, காலர் கழுத்தைவிட்டுப் பிரிந்துவிடும். கையை உயர்த்திப் பேசுகிறவனுக்குத் தைத்ததா, கை கட்டி நிற்கிறவனுக்குத் தைத்ததா என்பது இங்கேதான் வெளிப்படும்.

இதை வைத்துக்கொண்டு நம் சிலைகளைப் பாருங்கள். 1967ல் டெல்லி நாடாளுமன்ற வளாகத்தில் சிற்பி வாக் செய்த வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அதற்குப் பின் கை நீட்டிச் சுட்டுகிற அம்பேத்கர் சிமெண்டிலும் பைபரிலும் ஊர் ஊராக வந்து நின்றார். நம் சேரிகளில் நிற்கிற பலவற்றில் வலது கை உயர்ந்திருக்கும், கோட்டோ ஒரு மடிப்பும் இல்லாமல் நீலக் குழாய் போல் தொங்கும். முழங்கையில் சுருக்கமில்லை. அரசியல் சட்டத்தை இடுக்கிய பக்கத்தில் துணி அழுந்தியதாகத் தெரியாது. செய்தவர் உடம்பைச் செய்துவிட்டு அதன்மேல் கோட்டை வண்ணமாகப் பூசியிருக்கிறார். காசு போட்டவர்கள் கூலி சனங்கள். அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. சிற்பிக்குப் படத்தை உற்றுப் பார்க்கச் சொல்ல நம்மில் யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் வருத்தம். கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தப்பட்டவருக்குத் தோள் தையல் ஒரு கேடா என்று ஒரு தோழர் கேட்டார். கூண்டு அவர்கள் போட வைத்தது. கோட்டு அவரே தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்ததைப் பற்றித்தான் விமர்சனம் பேச முடியும்.

உடுப்பில் பொருத்தம் பார்க்கிற கலையை ஏதோ சீமான் வீட்டு விவகாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு அளவுப் பட்டியலைக் காட்டுகிறேன். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. மீறியபோது குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடு மாடு கொள்ளை போனது. சாதியின் கையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் இருந்திருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று நம் உடம்பில் கோடு கிழித்து வைத்திருந்தவர்கள் அவர்கள். அதே டிசம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்டோர் சார்பில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கோட்டை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்காமல், பாவனை என்று தீர்ப்பு எழுதுகிறவருக்கு எந்தப் பிரதியையும் படிக்கத் தெரியாது.

பொருத்தத்துக்கு முதல் நிபந்தனை தொடுகை. டேப்பைக் கழுத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், அக்குளில் விரலை விட வேண்டும், முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த ஆய்வு ஒன்று 2006ல் புத்தகமாக வந்தது. நம் ஆட்களுக்கு அளவெடுக்க மறுக்கிற தையற்காரர்கள் அதில் வருகிறார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள்: "அளவுச் சட்டைய திண்ணையில வச்சுட்டுப் போ." அளவுச் சட்டை என்பது ஏற்கனவே பொருந்திய சட்டை. அப்படி ஒன்று வைத்திருந்தவன் எத்தனை பேர்? தீபாவளிக்கு ஆண்டை வீட்டில் கொடுத்த பழைய சட்டையைத்தான் அளவுக்குக் கொண்டுபோனான். ஆண்டையின் தொந்திக்கு வெட்டிய சட்டையை அளவு வைத்து, ஏர் பிடித்து ஒட்டிய வயிற்றுக்குப் புதுச்சட்டை தைத்தார்கள். தொளதொளவென்று அலைந்த நம் தாத்தாக்களின் புகைப்படங்களைப் பார்த்து 'உடுத்தத் தெரியாதவன்' என்கிறார்கள். தொடாமல் தைத்த சட்டை பிறகு எப்படி இருக்கும்?

இன்னொன்று உடம்பிலேயே இருக்கிறது. மூட்டை தூக்கியவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். ரெடிமேட் சட்டை இரண்டு தோளும் சமம் என்று நம்பி வெட்டப்படுகிறது. அதைப் போட்டால் ஒரு பக்கம் காலர் தூக்கும், பொத்தான் வரிசை கோணும். விவரமான தையற்காரர் இறங்கிய தோளுக்கு உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து நிமிர்த்துவார். கோட்டில் இது இன்னும் எளிது. கோட்டுக்குள் தோளைக் கட்டி எழுப்ப இடமிருக்கிறது. உழைப்பு வளைத்த உடம்பை நேராக்கிக் காட்டுகிற உடுப்பு கோட்டு. அதை மேல்தட்டு உடுப்பு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

காந்தி விஷயத்துக்கு வருவோம், வராமல் தீராது. லண்டனில் படித்த காலத்தில் பாண்ட் ஸ்ட்ரீட்டில் பத்துப் பவுன் கொடுத்து மாலை உடுப்புத் தைத்ததை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1921 செப்டம்பரில் மதுரையில் அரைவேட்டிக்கு மாறினார். நல்லது. கழற்றுவதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. அதே வரிசையில்தான் நம் முற்போக்கு எழுத்தாளர்களின் கசங்கிய ஜிப்பாவையும் ஜோல்னாப் பையையும் வைக்கிறேன். கசங்கிய துணியோடு மேடை ஏறினால் 'எளிமை' என்று பேர் வாங்குகிறவர் யார்? பிறவியிலேயே சுத்தமானவர் என்று ஏற்கப்பட்டவர். நம்ம பையன் அதே கசங்கலோடு வந்தால் 'குளிக்க மாட்டானா' என்பார்கள். இஸ்திரி போட்டு வந்தால் 'இவனுக்கு வந்த வாழ்வப் பாரு' என்பார்கள். இந்தப் பையன் இஸ்திரி போடுவது எனக்குச் சரியாகவே படுகிறது.

2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம் காலனி எரிந்தது. அதை ஒட்டிய நாட்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், ஜீன்சும் டீசர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 1930ன் பட்டியல் எண்பது வருடத்தில் துணி மாற்றிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். இதைக் கண்டித்த நம் தோழர்கள் சிலரே கூட்டம் முடிந்ததும் பையன்களைக் கூப்பிட்டு, "எதுக்குடா இந்த மிட்டாய் கலரு, இந்த டைட்டு?" என்றார்கள். இங்கே எனக்குச் சண்டை உண்டு. கையில் முதல் காசு பார்க்கிறவன் முதலில் பளபளப்பைத்தான் வாங்குவான். அடுத்த சட்டையில் தோளைப் பார்ப்பான். அதற்கடுத்து நிறத்தைக் குறைப்பான், அல்லது வேண்டுமென்றே கூட்டுவான். ரசனை இப்படித் தப்பும் சரியுமாகத்தான் வளர்கிறது. அந்தக் காலத்தைக் கொடுக்காமல், முதல் சட்டையிலேயே கண்ணியமாக இரு என்று சொல்வது மேல்சாதி வீட்டுப் பையனிடம் யாரும் கேட்காத வேலை. இப்போது தோள் வழிகிற பெரிய சட்டைதான் நாகரிகமாம். நம் தாத்தா போட்டது வறுமை, பேரன் போடுவது ஸ்டைல். பேரன் தன் அளவு தெரிந்து அதைத் தாண்டி எடுத்திருக்கிறான், வித்தியாசம் அங்கேதான்.

பா. ரஞ்சித்தின் 'கபாலி' (2016) கோட்டைப் பேசுபொருளாக்கியது. ரஜினிக்கு அதில் தைத்த கோட்டுகள் நன்றாகவே பொருந்தியிருந்தன. கால்மேல் கால் போட்டு உட்கார்கிறபோது துணி அவரோடு உட்கார்ந்தது. நம் சனங்கள் கைதட்டியது நியாயம். ஆனால் காந்தி சட்டையைக் கழற்றியதையும் அம்பேத்கர் கோட்டுப் போட்டதையும் வசனத்தில் விளக்கியபோது படம் தன் உடுப்பையே நம்பாமல் போனதாக எனக்குப் பட்டது. கசங்காத, வேர்க்காத கோட்டு வேறு. கவசம் போட்டவன் தெரிகிறான், உடுத்தியவனைக் காணவில்லை.

2014ல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் வேட்டிக்குச் சட்டம் இயற்றியது. வரவேற்போம். மடித்துக் கட்டிய வேட்டியை ஆளைக் கண்டதும் இறக்கிவிட வேண்டும், துண்டைத் தோளிலிருந்து கக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்று வளர்ந்தவர்களின் வேட்டிக்கு அந்த வேகம் கிடைத்ததில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

அம்பேத்கரையே ஒரே கோட்டில் நிறுத்திவிட்டோம். கொலம்பியாவில் படித்த காலத்துப் படத்தில் ஒல்லியான உடம்பு. பிந்தைய படங்களில் உடம்பு பருத்து, நோய் வந்து, உடுப்பும் அதற்கேற்ப மாறிக்கொண்டே வருகிறது. 1927 டிசம்பரில் மகாத்தில், சாதியைக் காட்டிக்கொடுக்கிற சேலைக்கட்டையும் வெள்ளி நகைகளையும் விடுங்கள் என்று பெண்களிடம் சொன்னவர், தன் உடுப்பையும் யோசித்துத்தான் போட்டிருப்பார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவிய மேடைக்கு அவர் வெள்ளைப் பட்டு வேட்டியும் வெள்ளைக் கோட்டுமாக வந்தார். வேட்டிக்கு மேல் கோட்டு! நம் தெரு முனைகளில் நான் பார்த்த எந்தச் சிலையிலும் அந்த உடுப்பு இல்லை. அடுத்த சிலைக்கு வசூல் பண்ணுகிற இளைஞர்கள் சிற்பியிடம் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கையைத் தூக்கச் சொன்னால், கோட்டின் தோளையும் பார்த்துச் செய்யச் சொல்லட்டும்.