சீகையை வெட்டினால் புல்வெளி திரும்புமா?

நீலகிரியிலும் பழனி மலையிலும் அந்நிய மரங்களை அகற்றும் வேலைக்கு இன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகள் துணை நிற்கின்றன. அயல் தாவரங்களை அகற்றவும் இயற்கை வாழிடங்களை மீட்கவும் 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. மரம் நடுவதுதான் இயற்கைப் பாதுகாப்பு என்று பள்ளிப் பருவம் முதல் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய திருப்பம். மனதார வரவேற்கிறேன். ஆனால், எங்கிருந்து வெட்டத் தொடங்குவது என்பதில் நடைமுறை தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் மீட்க வந்த புல்லையே அழித்துவிடக்கூடும்.

இந்த மலைகளின் உச்சிப் பரப்பில் பள்ளங்களில் சோலையும் சரிவுகளில் புல்லும் கலந்திருப்பதே இயல்பு. திறந்த சரிவில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். காட்டை அழித்ததால் வந்த புல்வெளி இது என்று நீண்ட காலம் நம்பினார்கள். நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரிந்தது. ஆனால் அன்றைய ஆங்கிலேயர் கண்ணுக்கு அது வெற்றுத் தரையாகவே பட்டது. விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியச் சீகையை (வாட்டில் மரத்தை) கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பின் நாமும் அதே கண்ணோடுதான் பார்த்தோம்: தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்). பழனி மலையில் மட்டும் 1973க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வரையாடு மேய்வதும் நீலக்குறிஞ்சி பூப்பதும் இந்தப் புல்வெளியில்தான். தோடர் பழங்குடியினர் கோயிலுக்குக் கூரை வேயும் சதுப்புப் புல் வகை ஒன்று நீலகிரிக்கு வெளியே எங்கும் இல்லை.

இவ்வளவு இழந்த பின் அத்தனை சீகையையும் வேரோடு பெயர்த்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயற்கையே. சிக்கல் மண்ணுக்குள் இருக்கிறது. சீகை விதை கறுப்பாக, சிறிதாக, கெட்டியான தோலோடு இருக்கும். முளைக்காமலே பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் படவிட்டாலும், கழிவுக் கிளைகளை அங்கேயே கொளுத்திச் சூடேற்றினாலும், அதில் பெரும்பகுதி ஒன்றாக முளைக்கும். அடுத்த மழையிலேயே சிறகு போன்ற இலைகளோடு கன்றுகள் தரையை மூடிவிடுகின்றன. பத்து மரம் நின்ற இடத்தில் ஆயிரம் கன்று. கூடவே வேறு களைச்செடிகளும் புகுந்துகொள்ளும். கனரக இயந்திரம் ஏறி இறங்கிய சரிவாக இருந்தால் மேல்மண்ணும் மழையோடு போய்விடும். வெட்டிய பரப்பு ஏக்கர் கணக்கில் அறிக்கையில் ஏறும். புல் வந்ததா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

கொடைக்கானலுக்கு அருகே வட்டக்கானலில் குடியேறிய ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் பல ஆண்டுகள் சோலை நாற்றுகளை வளர்த்தவர்கள். ஆளில்லாமல் விடப்பட்ட பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரங்கள் தாமாகவே முளைத்து எழுவதை அவர்கள் கவனித்துச் சொன்னார்கள். உறைபனியிலிருந்து கன்றுகளைக் காக்கும் குடையாக அங்கே சீகையே நிற்கிறது. அதை மொட்டையடித்தால் அடியில் எழும் சோலையும் போகும், புல்லும் வராது. ஒரு காலத்தில் அந்த இடம் புல்வெளியாக இருந்தது உண்மைதான். ஆனால் விதை நிறைந்த அந்த மண்ணில் புல்லை மீட்க ஆகும் செலவையும் காலத்தையும் எண்ணினால், சோலைக்கே அதை விட்டுவிடுவது சரி என்பது என் முடிவு. இழந்ததை எழுதிக் கொடுப்பதா என்று கேட்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. கையில் இருக்கும் ஆளையும் பணத்தையும் அங்கே கொட்டினால், இன்னும் உயிரோடிருக்கும் புல்வெளியை இழப்போம்.

வேலை தொடங்க வேண்டிய இடம் அந்தப் புல்வெளியின் விளிம்பு. அங்கே சீகை முழங்கால் உயரத்தில்தான் நிற்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் அடியைப் பிடித்து இழுத்தால் வேரோடு வரும். பாதியில் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். கன்று காய்க்கும் முன்பே இதைச் செய்துவிட்டால் விதை மண்ணில் சேராது. அடியில் புல் உயிரோடு இருப்பதால் புதிதாக நடவும் தேவையில்லை. மலையிலுள்ள மீட்பு முறைகளிலேயே செலவு குறைந்ததும் பலன் உறுதியானதும் இதுதான். ஆனால் விற்கும் அளவுக்கு மரம் கிடைக்காத வேலை என்பதால் ஒப்பந்தக்காரரை இது ஈர்ப்பதில்லை.

புல் அடியோடு போன இடத்தில் நாற்றங்கால் வேண்டும். மலைப்புல்லின் விதையில் பதர் அதிகம் என்பதால், தூரைப் பெயர்த்துச் சிறு சிறு பிடிகளாகப் பிரித்து, நுனி நறுக்கி நட்டு வளர்த்து, பருவமழையில் சரிவுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு பிடியும் கைவேலை. எந்தப் புல் சதுப்பு ஓரத்துக்கு, எது பாறைச் சரிவுக்கு என்று அறிந்த ஆட்களும் தேவை. மேய்ச்சலோடு வாழ்ந்த தோடர்களைப் போன்ற மலைமக்களிடம் அந்த அறிவு இருக்கிறது. அவர்களைக் கூலிக்கு மட்டும் அழைக்காமல் திட்டம் தீட்டும் இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும். அகற்றும் ஒப்பந்தத்திலும் ஒரு விதி சேரட்டும்: வெட்டிய இடத்தில் தொடர்ந்து ஐந்தாறு மழைக்காலம் கன்று பிடுங்க வேண்டும், கடைசித் தவணைப் பணம் தரையில் நிற்கும் புல்லை அளந்த பிறகே கைக்கு வர வேண்டும்.