கரையில் கூடிய கூட்டம்: எண்ணெய் வண்ண மரபும் நம் கடற்கரையும்

கடற்கரைக் கூட்டத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பெயரெடுத்தவர்களில் ஆங்கிலேயர் வில்லியம் ஃப்ரித் ஒரு தினுசு. ராம்ஸ்கேட் மணலில் விடுமுறைக்குக் கூடியவர்களை முகம் முகமாக வரைந்தார். 1854இல் காட்சிக்கு வந்த அந்தப் படத்தை விக்டோரியா மகாராணியே வாங்கிக்கொண்டார். பார்க்கச் சலிக்காது, ஆனால் காற்று வீசாத படம்.

பிரான்சின் பூதேன் இதற்கு நேர் எதிர். ட்ரூவில் கரையைச் சின்னப் பலகைகளில் தீட்டினார். மேலே பெரும்பாலும் வானம், கீழே ஒரு பட்டையாக மனிதர்கள். முகம் தேடாதீர்கள், பாவாடையும் குடையும்தான். வெளியில் நின்று வரையும்படி அவர் தூண்டிவிட்ட மோனே, 1870இல் அதே கரையில் தீட்டிய படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. வண்ணத்தோடு ஒட்டிக்கொண்ட மணல் இன்னும் அதில் உண்டு.

நமக்கு உறவு என்று நான் சொல்வது ஸ்பெயினின் சொரோயாவை. காரணம் எளியது: அவருடைய வலென்சியா கிழக்குப் பார்த்த கரை, நம் சோழமண்டலக் கரையைப் போலவே. மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும். கடலைப் பார்த்து நிற்கும் ஓவியருக்கு வெயில் முதுகில். தண்ணீரிலிருந்து ஏறி வருபவரின் முகத்தில் மஞ்சள். மெரினாவில் நாலரை மணிக்குப் போய் நின்றால் இதே வெளிச்சம்தான். வேறு திசை பார்த்த ட்ரூவில் கரையின் படங்களைப் பார்த்து மெரினாவை வரைபவர்களின் நிழல்கள் தடம் மாறுவது இதனால்.

சென்னை மரபுக்கு வருவோம். 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளிக்கு 1929இல் தலைமையேற்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். நான்கே ஆட்கள், ஒரு கூட்டத்தின் பலம் அதில் தெரியும். அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகவே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார். ஆனால் அவர் மனம் அப்போது எழுத்துகளிலும் ஜாதகக் கட்டங்களிலும் இருந்தது. கோடு ஜெயித்தது, வெயில் தோற்றது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தமுண்டு.

சரி, நல்ல படத்தை எதை வைத்து மதிப்பிடுவது? முதலில் தொடுவானம். சமமான மணலில் நின்று பார்ப்பவருக்கு, அவர் உயரமே உள்ள எல்லோருடைய கண்களும், பத்தடியில் இருந்தாலும் நூறடியில் இருந்தாலும், தொடுவானக் கோட்டில்தான் அமையும். தூரத்துக்கு ஏற்ப மாறுவது பாதங்கள் மட்டுமே. இது பிசகினால் ஆட்கள் மணலில் புதைவார்கள் அல்லது மிதப்பார்கள்.

அடுத்தது நிறத்திரள். தறிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், தள்ளி நின்றால் மயில்கழுத்து. கூட்டமும் அப்படித்தான்: அரக்கு, வாடாமல்லி, வெள்ளை வேட்டி எல்லாம் ஐம்பதடிக்கு அப்பால் ஒரே ஊதாச் சாம்பலாகும். அந்தச் சாம்பலைப் போட்ட பிறகுதான் நாலைந்து இடத்தில் தனி நிறம் வைக்கலாம்.

எண்ணெய் வண்ணம் ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும், நாள்கணக்காகும். கூட்ட ஓவியருக்கு இது வசதி: ஈரத்திலேயே தோளையும் தோளையும் இழைத்துவிடலாம். அடிப்பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேற்பூச்சில் எண்ணெய் அதிகம் என்ற பழைய விதியை மட்டும் மீறக்கூடாது, மீறினால் பூச்சில் வெடிப்பு விழும்.

இன்னும் தகுந்த கை கிடைக்காத காட்சியாக நான் நினைப்பது மாசி மகத்து மாமல்லபுரம். கன்னியம்மனை வணங்க இருளர்கள் கரையில் தங்கி, விடியலில் பூசையும் திருமணமும் நடத்துகிறார்கள். அப்போது சூரியன் கடல்பக்கம். கூட்டம் முழுக்கக் கருநிழல், ஓரத்தில் மட்டும் ஒளி. சொரோயாவின் மாலைப் பாடம் இங்கே தலைகீழ். முயல்பவர் கான்வாஸில் பழுப்பு அடிப்பூச்சை ஒரு வாரம் முன்பே பூசிக் காயவைத்துக்கொண்டு போகட்டும். வெள்ளைத் துணியில் அந்த ஓரத்து ஒளி எடுபடாது.