புவியை ஒத்த கோள்: ஓர் உவமை பற்றிய விசாரணை

சூரியனை அன்றிப் பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களுள் அறியப்பட்டவற்றின் தொகை 2025ஆம் ஆண்டில் 6000ஐக் கடந்தது. சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதலாவது கோளை மிஷேல் மயோர், டிடியே கெலோ என்னும் சுவிற்சர்லாந்து வானியலாளர் இருவர் அறிவித்தது 1995ஆம் ஆண்டிலாகும். முப்பது ஆண்டுகளுள் ஒரு துறை இத்துணை விரைவாக வளர்ந்தமை அறிவியல் வரலாற்றில் அரிதாக நிகழ்வது. எனினும் இவ்வளர்ச்சி பொதுமக்களை வந்தடையும்போது பெரும்பாலும் ஒரே தொடராகச் சுருங்கிவிடுகிறது. ‘புவியை ஒத்த கோள்’ என்பதே அத்தொடர். ‘இரண்டாம் புவி’, ‘புவியின் இரட்டை’, ‘புவியின் உறவினன்’ என அதன் வடிவங்கள் பலவாயினும் அவை உணர்த்த முனையும் பொருள் ஒன்றே.

இத்தொடர் தோற்றத்தில் ஒரு கலைச்சொல். இயல்பில் ஓர் உவமை. உவமானம் புவி, உவமேயம், பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளதும் எவரும் நேரிற் கண்டிராததுமான ஒரு கோள். உவமை என ஒன்று வருமிடத்து எழும் முதல் வினா, ஒப்புமைக்கு அடிப்படையான பொதுத்தன்மை யாது என்பதாகும். தொல்காப்பியர் உவமவியலில் அதனை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்துவர். ஒரு பொருள் மற்றொன்றைச் செயலால் ஒக்கலாம், விளைக்கும் பயனால் ஒக்கலாம், வடிவாலோ அளவாலோ ஒக்கலாம், நிறத்தால் ஒக்கலாம். ஒன்றால் ஒத்தது மற்றையவற்றாலும் ஒக்கும் எனக் கொள்ளுதல் உவமையைப் பிழைபட உணர்தலாகும். செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாட்டைக் கொண்டு தற்கால வானியலின் தொடர் ஒன்றை அளந்து பார்ப்பது வலிந்த முயற்சியாகச் சிலருக்குப் படலாம். ஆயின் அறிவியலாளர் அளந்தவை, ஊகித்தவை, விரும்பியவை ஆகிய மூன்றும் இத்தொடருள் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய இதனினும் எளிய கருவி கிடைப்பது அரிது.

முன்னொரு பிழை

ஒரு சொல் வானியலை வழிதவறச் செய்த வரலாறு ஏற்கெனவே உண்டு. 1877இல் இத்தாலிய வானியலாளர் சியாபரெல்லி செவ்வாயின் மேற்பரப்பிற் கண்ட கோடுகளைத் தம் மொழியில் ‘கனாலி’ என்றார். அம்மொழியில் அச்சொல் இயற்கையான நீரோடைக்கும் மனிதர் வெட்டிய கால்வாய்க்கும் பொதுவானது. ஆங்கிலத்தில் அது கால்வாய் என்ற பொருளே தரும் சொல்லாகப் பெயர்க்கப்பட்டது. கால்வாய் எனின் வெட்டியவர் வேண்டும். வெட்டியவர் எனின் அவருக்கொரு நாகரிகம் வேண்டும். அமெரிக்கரான பேர்சிவல் லோவெல் 1894இல் அரிசோனாவில் ஓர் அவதான நிலையத்தையே நிறுவி, துருவப் பனியின் நீரை வறண்ட நிலங்களுக்குக் கொண்டுசெல்லும் ஓர் அறிவுமிக்க இனத்தைப் பற்றி நூல்கள் எழுதினார்.

அவ்வாதத்தை மறுத்தவர்களுள் அல்பிரட் றசல் வலஸ் குறிப்பிடத்தக்கவர். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு ஒருங்கே வெளியிட்ட அவர், 1907இல் எழுதிய சிறுநூலில் செவ்வாயின் குளிரும் வளியின் செறிவின்மையும் திரவ நீருக்கு இடந்தரா எனக் காட்டினார். கோடுகளைத் தாமும் கண்டதாகவோ காணவில்லை என்றோ அவர் வாதிடவில்லை. ஒப்புமையின் அடிப்படையையே வினாவினார். 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் கால்வாய்கள் இல்லை. எரிகற்கள் விழுந்த பள்ளங்களே இருந்தன. வலஸின் முறை அரை நூற்றாண்டுக்கு முன்னரே சென்றடைந்த முடிவை விண்கலம் உறுதிசெய்தது எனலாம்.

மெய்

இன்றைய தேடலில் உண்மையாக அளக்கப்படுவன பெரும்பாலும் இரண்டே: கோளின் ஆரை, கோளின் திணிவு. கோளொன்று தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது விண்மீனின் ஒளி சிறிது குறையும். அக்குறைவிலிருந்து ஆரை கணிக்கப்படும். கோளின் ஈர்ப்பினால் விண்மீன் முன்னும் பின்னும் அசையும். அவ்வசைவு ஒளியின் அலைநீளத்தில் ஏற்படுத்தும் தொப்ளர் மாற்றத்திலிருந்து திணிவு கணிக்கப்படும்.

இவ்விரு முறைகளும் புவியளவினவான கோள்களுக்கு எத்துணைக் கடினமானவை என்பது மனங்கொள்ளத்தக்கது. தொலைவிலிருந்து நோக்குவோன் ஒருவனுக்குப் புவி சூரியனைக் கடக்கும்போது சூரிய ஒளி பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 84 பங்கே குறையும். அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 13 மணி நேரம் மட்டுமே. அக்காட்சி தெரியும் திசையில் அவன் அமைந்திருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இருநூறில் ஒன்று. புவியின் ஈர்ப்பால் சூரியன் அசையும் வேகமோ செக்கனுக்கு 9 சதமமீற்றர். விண்மீன்களின் மேற்பரப்புக் கொந்தளிப்பு தானே செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவான போலி அசைவைத் தோற்றுவிக்கும்போது, அதனூடே இச்சிற்றசைவைப் பிரித்தறிவது பெரும் சவாலாகும்.

இச்சவாலுக்கு முன் உவமை முந்திக்கொண்டதற்கு 2010ஆம் ஆண்டின் கிளீசு 581ஜீ ஒரு சான்று. 20 ஒளியாண்டுத் தொலைவில் வாழ்வுக்கு உகந்த கோள் ஒன்று கிடைத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதில் உயிர் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நூறு என்பதே தமது எண்ணம் எனக் கண்டுபிடிப்பாளருள் ஒருவர் கூறவும் செய்தார். ஆயின் 2014இல் வெளியான ஆய்வொன்று, அச்சைகை விண்மீனின் காந்தச் செயற்பாட்டின் விளைவே எனக் காட்டியது. உயிர் நிறைந்ததாகக் கருதப்பட்ட உலகம் இருந்ததற்கே சான்றில்லாமற் போயிற்று.

கெப்ளர் விண் தொலைகாட்டி 2009 முதல் 2018 வரை இயங்கி, இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட கோள்களை வெளிப்படுத்தியது. அவற்றுள் 2015இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர் 452பீ ‘புவியின் மூத்த உறவினன்’ எனப் புகழ்பெற்றது. அதன் விண்மீன் சூரியனை ஒத்தது; அதன் ஆண்டு 385 நாட்கள். இவை கவர்ச்சியான ஒப்புமைகளே. ஆயின் அதன் ஆரை புவியினதைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. இவ்வளவினும் பெரிய கோள்களுட் பல பாறைக் கோள்களாக இரா என்பது பிற கோள்களின் அடர்த்தியிலிருந்து பெறப்படும் முடிவு. இதன் திணிவோ அளக்கப்படவேயில்லை. அதற்கு மேலாக, கெப்ளர்த் தரவுகளைக் கையாண்ட ஆய்வாளர் சிலரே 2018இல், கிடைத்த ஒரு சில கடப்புகளைக் கொண்டு இது கோளே என உறுதிசெய்தல் தகாது என எழுதினர். அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டமை பாராட்டுக்குரியது. ஆனால் முதல் அறிவிப்புச் சென்ற தொலைவுக்குத் திருத்தம் சென்றதில்லை.

மெய்யொப்புமை முற்றாக வாய்த்தாலும் அதனாற் பெறப்படுவது சிறிதே என்பதற்குச் சூரியக் குடும்பத்திலேயே சான்று உண்டு. வெள்ளியின் ஆரை புவியினதில் நூற்றுக்கு 95; திணிவு நூற்றுக்கு 81. அயல் விண்மீனொன்றிலிருந்து நோக்கும் வானியலாளனுக்கு வெள்ளியும் புவியும் இரட்டையராகவே தோன்றும். ஆயின் வெள்ளியின் தரையில் வெப்பநிலை ஏறத்தாழ 460 பாகை செல்சியசு. வளியமுக்கம் புவியினதைப் போல் தொண்ணூறு மடங்களவு. இன்றைய அளவுகோல்கள் இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டா எனின், அவ்வளவுகோல்கள் தரும் ‘ஒத்த’ என்னும் சொல்லின் கனம் எத்துணையது என்பது தெற்றெனப் புலனாகும்.

வலயம் என்னும் இடைத்தரகு

மெய்யிலிருந்து பயனுக்குத் தாவ உதவும் பாலமாக அமைந்திருப்பது ‘வாழ்தகு வலயம்’ என்னும் கருத்து. 1950களின் இறுதியில் சூ-சூ குவாங் முன்வைத்த இது, 1993இல் ஜேம்ஸ் காஸ்ரிங்கும் அவருடன் ஆய்ந்தோரும் செய்த கணிப்புகளால் நிலைபெற்றது. கோளின் மேற்பரப்பில் நீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவெல்லையே அது. அவ்வெல்லை புவியினது போன்ற வளிமண்டலத்தை முற்கோளாகக் கொண்டே கணிக்கப்படுகிறது என்பது பலராற் கவனிக்கப்படுவதில்லை. புவியை ஒத்தது எது எனக் காணும் கருவி, புவியை ஒத்தது என்ற எடுகோளையே உள்ளடக்கியிருக்கிறது. 1993ஆம் ஆண்டுக் கணிப்பில் சூரியனின் வலயம் புவியின் தொலைவில் 0.95 பங்கிலிருந்து தொடங்கியது. 2013ஆம் ஆண்டுக் கணிப்பில் 0.99 பங்கிலிருந்து தொடங்கியது. புவி நகரவில்லை, கணிப்பே நகர்ந்தது.

இத்தகைய வரையறைகளிலிருந்தே புள்ளிவிவரங்களும் பிறக்கின்றன. சூரியனை ஒத்த விண்மீன்களில் நூற்றுக்கு 22 பங்கு புவியளவான, வாழ்தகு வலயத்துக் கோள்களைக் கொண்டவை என 2013இல் ஒரு குழு கணித்தது. அக்கணிப்பில் ‘புவியளவு’ என்பது ஆரையில் இரு மடங்குவரை. ‘வலயம்’ என்பது புவி பெறும் ஒளியின் காற்பங்கிலிருந்து நான்கு மடங்குவரை. ஆய்வாளர் இவ்வரையறைகளை மறைக்கவில்லை. நூற்றுவீதம் மட்டும் எடுத்தாளப்பட்டு வரையறை விடப்படும்போதே பிழை நேர்கிறது. அவ்வரையறையின்படி வெள்ளியும் வாழ்தகு வலயத்துட் புகும்.

உரு

உருவொப்புமை என்பது நிறத்தால் ஒத்தல். வானியலில் நிறம் என்பது நிறமாலையாகும். வளிமண்டலத்தின் சேர்க்கையை அறிய அதுவே வழி. இவ்வகையில் மிகச் சிறந்த சோதனை புவியின் மீதே நிகழ்த்தப்பட்டது. 1990 டிசெம்பரில் வியாழனை நோக்கிச் சென்ற கலிலியோ விண்கலம் புவியைக் கடந்தபோது, காள் சேகனும் குழுவினரும் அதன் கருவிகளைப் புவிமீது திருப்பினர். புவியில் உயிருண்டு என்பதை அறியாதார் போல அத்தரவுகளை ஆராய்ந்து 1993இல் முடிவை வெளியிட்டனர். மிகுந்த ஒட்சிசன், அதனோடு நெடிது நிலைத்திருக்க முடியாத மெதேன், செவ்வொளியை உறிஞ்சும் நிலப்பரப்பு, ஒழுங்குபட்ட வானொலிச் சைகை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தமையே அவர்களின் சான்று. விடை தெரிந்த இடத்திலும் ஒற்றைச் சான்றோடு அமையாத அந்நிதானம் பின்வந்த பலருக்கு முன்மாதிரியாகியிருக்க வேண்டும்.

தூரத்துக் கோள்களில் இச்சோதனை இப்போதுதான் தொடங்கியுள்ளது. 40 ஒளியாண்டுத் தொலைவில் திரப்பிஸ்ற் 1 என்னும் சிறு செவ்விண்மீனைச் சுற்றும், புவியளவான ஏழு கோள்கள் 2017இல் அறிவிக்கப்பட்டன. ஜேம்ஸ் வெப் விண் தொலைகாட்டி 2023இல் அளந்தபோது, அகத்தேயுள்ள முதற்கோள் வளிமண்டலமற்ற வெறும் பாறையெனக் கொள்ளத்தக்கதாயிற்று. இரண்டாவதில் அடர்ந்த காபனீரொட்சைட்டு வளி இல்லை என்பது தெரிந்தது. ஏனையவற்றைப் பொறுத்தவரை, விண்மீனின் முகத்திலுள்ள புள்ளிகளே கோளின் சைகையைக் குழப்புகின்றன. 2025இல் கே2-18பீ என்னும் கோளில், புவியிற் கடல் நுண்ணுயிர்கள் விளைக்கும் கந்தகச் சேர்வை ஒன்றின் தடயம் காணப்பட்டதாக ஒரு குழு அறிவித்தது. அதே தரவுகளை ஆராய்ந்த பிறர் அத்தடயம் உறுதியானதன்று என வாதிட்டனர். அக்கோளின் திணிவு புவியினதைப் போல் எட்டு மடங்குக்கு மேல் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வினையும் பயனும்

புவியைப் புவியாக நிலைநிறுத்துவது அதன் அளவன்று, அதன் செயல். எரிமலைகள் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. மழை அதனைப் பாறையோடு சேர்த்துக் கடலடியில் சுண்ணாம்பாகப் படியச் செய்கிறது. புவியோட்டின் தகடுகள் அதனை மீண்டும் ஆழத்துக்குக் கொண்டுசெல்கின்றன. வெப்பம் மிகுந்தால் இச்சுழற்சி விரைந்து வளியிலுள்ள காபனைக் குறைக்கும். குளிர் மிகுந்தால் தளர்ந்து அது பெருக இடந்தரும். பல கோடி ஆண்டுகளாகக் கடல் உறையாமலும் ஆவியாகாமலும் இருந்தமைக்கு இதுவே தலையாய காரணம் என்பர். இவ்வினை எந்த அயற்கோளிலேனும் நிகழ்கிறதா என்பதை அறிய இன்று கருவியில்லை.

அதனினும் கூரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. உவமானமாகிய புவி எந்தக் காலத்துப் புவி? அதன் வயது 450 கோடி ஆண்டுகள். வளியில் ஒட்சிசன் தங்கத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே. அதற்கு முன் நூறு கோடி ஆண்டுகளேனும் உயிர் இருந்தது. அதை அறிவிக்கும் ஒட்சிசன் இருக்கவில்லை. அக்காலத்துப் புவியை இன்றைய இலக்கணப்படி நோக்குவோன் புவியை ஒத்ததன்று எனத் தள்ளிவிடுவான். தன்னையே ஒவ்வாத ஒன்றை அளவுகோலாகக் கொள்வோர், அதன் எந்த நிலையைக் கொள்கின்றனர் எனச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தேடலின் தகுதி

இங்ஙனம் கூறுவது தேடலை மறுப்பதாகாது. அறியாததை அறிந்ததன்வழி அணுகுதலே அறிவியலின் முறை. உயிருள்ள கோளாக அறியப்பட்டது ஒன்றே எனின், அதனை ஒத்ததைத் தேடுவதன்றி வேறு தொடக்கமில்லை. கட்புலனாகும் ஒளியில் சூரியனினும் ஆயிரங் கோடி மடங்கு மங்கலான ஒரு புள்ளியை அதன் பேரொளியிலிருந்து பிரித்துக் காண 2040களுக்கென நாசா ஒரு தொலைகாட்டியைத் திட்டமிடுவதும் அத்தொடக்கத்தின் தொடர்ச்சியே. குறை உவமையிலன்று, அதன் பயன்பாட்டில். ஆராய்வதற்காக எடுத்த உவமை வினாவாக நிற்கும். அறிவிப்பதற்காக எடுத்த உவமை விடையாக வேடம் பூணும். நிதியும் புகழும் அறிவிப்புகளையே சார்ந்திருக்கும் உலகில் முதலாவது இரண்டாவதாக மாறுவது எளிது. ‘இரண்டாம் புவி’ என்ற சொல் தரும் ஆறுதல், முதலாம் புவிக்கு இழைக்கப்படும் தீங்கை இலேசாக எண்ணவும் இடந்தருகிறது. மிக அண்மையிலுள்ள பிறொக்சிமாவின் கோளே 4.2 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ளது என்பதை அவ்வாறுதல் மறந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வுவமை உண்மைக் கண்டுபிடிப்பையே மறைக்கிறது. கெப்ளர் கண்ட கோள்களுள் மிகுதியானவை அளவாற் புவிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்டவை. சூரியக் குடும்பத்தில் அத்தகைய கோள் ஒன்றேனும் இல்லை. அவற்றின் அகத்தே இருப்பது நீரா, ஐதரசனா, உருகிய பாறையா என்பதே இன்றைய பெருவினா. அண்டத்தில் மலிந்து கிடப்பதற்கு உவமானம் கிடைக்கவில்லை; உவமானம் உள்ளதற்கோ உவமேயம் இன்னும் உறுதிப்படவில்லை. முப்பது ஆண்டுத் தேடல் இதுவரை ஐயமற நிறுவியிருப்பது இவ்விரண்டையுமே. இதனை உள்ளவாறு சொல்லும் உரைநடை, ‘இரண்டாம் புவி’ என்னும் அணியினும் அறிவியலுக்கும் தமிழுக்கும் பயன் மிக்கது.