'லவ் ஆஃப் லைஃப்' சிறுகதை: பசியும் மனித இயல்பும்

'லவ் ஆஃப் லைஃப்' அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் சிறுகதை. 1905-இல் இதழில் வெளிவந்து, 1907-இல் இதே பெயரிலான தொகுப்பில் இடம்பெற்றது. லெனின் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவருடைய மனைவி குரூப்ஸ்கயா அவருக்கு வாசித்துக் காட்டிய கதை இது.

கனடாவின் வடகோடியில் தங்கம் சேர்த்துக்கொண்டு திரும்பும் இருவரில் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கிவிடுகிறது. உடன் வந்த பில், அவன் கூப்பிட்டும் திரும்பிப் பாராமல் போய்விடுகிறான். கைவிடப்பட்டவனுக்குக் கதையில் பெயரே இல்லை.

பசி முற்ற முற்ற அவன் தங்கத்தில் பாதியை ஒளித்துவைக்கிறான். பிறகு மீதியையும் விட்டுவிடுகிறான். தீக்குச்சிகளை மட்டும் எண்ணி எண்ணிப் பத்திரப்படுத்துகிறான். அவன் சாவுக்காகக் காத்துப் பின்தொடரும் நோயுற்ற ஓநாயை இறுதியில் அவனே கடித்துக் கொல்கிறான். வாசகர் மனத்தில் நிற்பது பெரும்பாலும் இக்காட்சிதான். ஆனால் கதையின் உச்சம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. வழியில் பில்லின் எலும்புகளும் தங்கப் பையும் கிடக்கின்றன. மான்கன்றின் எலும்புகளை நொறுக்கித் தின்றவன் இந்த எலும்புகளைத் தொடுவதில்லை, தங்கத்தையும் எடுப்பதில்லை. பில்லாக இருந்தால் தொட்டிருப்பான் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறான். பில்லின் கதியை எண்ணி அவன் சிரிக்கவும் செய்கிறான். ஆசிரியர் அவனை உத்தமனாக்காமல் விட்டதாலேயே அந்த மறுப்பு நம்பும்படி இருக்கிறது.

திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று அவனைக் காப்பாற்றுகிறது. வயிறு நிறைந்த பிறகும் அவன் மாலுமிகளிடம் பிஸ்கட் கேட்டு வாங்கிப் படுக்கைக்குள் பதுக்குகிறான். பசி தீர்ந்தாலும் பயம் தீரவில்லை. சான் பிரான்சிஸ்கோ சேர்வதற்குள் அவன் தேறிவிட்டான் என்று ஆசிரியர் ஒரே வரியில் முடித்திருப்பது அவசரம். பதுக்கிய பிஸ்கட்டோடு கதையை நிறுத்தியிருக்கலாம்.