ஓவியக் கூடம் உரைக்கும் சான்று

ஒரு கலைஞனின் படைப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய முற்படுவோர், அவன் சொன்னதை நம்புவதா, அவன் பணிசெய்த இடம் காட்டுவதை நம்புவதா? திறனாய்வில் எழும் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் ஓவியக் கூடமாகும். ஆங்கில இலக்கியம் பயின்றோர் அறிந்த கட்டுரையாசிரியர் பேக்கன் வேறு, இவர் வேறு. இவ்வோவியர் 1909ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் பிறந்தார். இலண்டனில் வாழ்ந்து புகழ்பெற்றார். 1992ஆம் ஆண்டில் மறைந்தார். திரிந்த முகங்களும் அலறும் வாய்களும் இவருடைய ஓவியங்களின் தனி அடையாளங்கள்.

இலண்டனின் சவுத் கென்சிங்டன் பகுதியில், ஒரு சந்தில் அமைந்த சிறு வீட்டின் மாடியறையே 1961 முதல் அவருக்குப் பணிக்களமாக விளங்கிற்று. வண்ணக் குழாய்களும் தூரிகைகளும் கிழிந்த நூல்களும் நிழற்படங்களும் தரையெங்கும் குவிந்து கிடந்தன. சுவர்களும் கதவும் வண்ணங் கலக்கும் பலகைகளாகப் பயன்பட்டன. ஓவியரின் மறைவுக்குப்பின் அவருடைய உடைமைகளுக்கு உரியவரான ஜான் எட்வர்ட்ஸ், 1998இல் அக்கூடத்தை டப்ளினிலுள்ள ஹியூ லேன் காட்சிக்கூடத்துக்கு வழங்கினார். தொல்லியலாளர்கள் வந்து, அகழாய்வில் செய்வதுபோல், ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தைக் குறித்தெடுத்தனர். சுவரும் கதவும் தரையும் கூரையும் மட்டுமன்றித் தூசுங்கூடக் கடல் கடந்தது. மீண்டும் பழைய வண்ணமே அமைக்கப்பட்ட அக்கூடம், 2001இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

கண்ணாடிக்கு அப்பால் நின்று அதனைக் காண்போர் முதலில் வியப்பது அதன் ஒழுங்கின்மையையே. ஒழுங்கின்மையே மேதைமையின் ஊற்று என்று இளைஞர் சிலர் எண்ணவுங்கூடும். அவ்வெண்ணம் தவறானது. குப்பை நிறைந்த அறைகள் உலகில் எண்ணற்றவை. அவற்றுள் ஓவியம் பிறந்தவை மிகச் சிலவே. ஆகவே குவியலைக் கண்டு மயங்காது, அதனுள் இருந்தவை யாவை என்று கேட்பதே திறனாய்வாளரின் கடமையாகும்.

அக்கூடத்திலிருந்து 7,000க்கு மேற்பட்ட பொருள்கள் பட்டியலிடப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 570 நூல்களும் 1,500 நிழற்படங்களும் நூல்களிலிருந்து கிழித்தெடுத்த 1,300 தாள்களும் இருந்தன. இவற்றோடு 70 வரைபடங்களும், கத்தியால் கிழிக்கப்பட்ட 100 ஓவியத் துணிகளும் கிடைத்தன. இவ்விறுதி இரண்டுமே இங்குக் கருதத்தக்கவை.

பேக்கன், தாம் முன்வரைவு எதுவும் வரைவதில்லை என நேர்காணல்களில் கூறிவந்தார். தம் ஓவியத்தில் தற்செயலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் வலியுறுத்தினார். ஆயின், 70 வரைபடங்கள் அக்கூற்றுக்கு எதிராக நிற்கின்றன. இதுகொண்டு அவரைப் பொய்யர் எனத் தீர்ப்பளித்தல் முறையன்று. வண்ணம் துணியில் படும் கணத்தில் நிகழும் எதிர்பாராத திருப்பத்தையே அவர் பெரிதும் மதித்தார். அத்திருப்பத்துக்கு முன்னர் நிகழ்ந்த ஆயத்தத்தை அவர் சொல்லாமல் விட்டார் என்பதே பொருந்தும். அவர் வாய் விட்டதை அவர் கூடம் நிரப்புகிறது.

கிழிக்கப்பட்ட துணிகளோ இன்னும் ஆழமாகப் பேசுகின்றன. அவற்றுட் பலவற்றில் முகம் இருந்த பகுதியே அறுத்தெடுக்கப்பட்டுள்ளது. தற்செயலாய் வந்தவை அனைத்தையும் அவர் ஏற்கவில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? வந்ததை ஏற்பதா, தள்ளுவதா என்று தீர்மானித்த கண் ஒன்று அங்கே இடையறாது விழித்திருந்தது. தற்செயல் தந்ததைத் தேர்ந்தெடுத்தது அவருடைய பயிற்சியே.

எனினும், கூடத்தின் சான்றுக்கும் எல்லை உண்டு. அங்குள்ள நிழற்படங்கள் பல மடிந்தும் கசங்கியும் வண்ணம் தெறித்தும் காணப்படுகின்றன. அம்மடிப்புகளுக்கும் ஓவியங்களில் திரிந்து தோன்றும் முகங்களுக்கும் தொடர்புண்டு என ஆய்வாளர் கருதுவர். அக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆனால் ஒவ்வொரு மடிப்பையும் ஓவியரின் கைதான் மடித்ததா, காலடியில் கிடந்து கசங்கியதா என்பதைத் தாளைப் பார்த்து மட்டும் துணிதல் இயலாது. கூடம் படைப்பின் தடயங்களைத் தரும். படைக்கும் மனத்தைத் திறந்து காட்டாது. இவ்வேறுபாட்டை மறந்த திறனாய்வு, தடயத்தையே கலையெனக் கொண்டுவிடும்.

தமிழ் பயிற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வகுப்பறைகளில் நிறைவுற்ற செய்யுளும் கதையுமே மாணவர் முன் வைக்கப்படுகின்றன. அவற்றின் அடித்தல் திருத்தல்களை அவர்கள் காண்பதில்லை. அதனால் எழுத்தென்பது பிறவியிலேயே அருள்பெற்ற சிலர்க்கே வாய்ப்பது என அஞ்சி ஒதுங்குகின்றனர். மாணவன் எழுதிய கட்டுரையின் முதற்படியைக் குப்பையில் இடாமல், அதில் அவன் அடித்த வரியைச் சுட்டி, "இதனை ஏன் நீக்கினாய்?" என்று ஆசிரியர் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு அவன் விடை தேடும்போது தன் எழுத்தைத் தானே மதிப்பிடக் கற்கிறான். பேக்கனின் கூடத்தில் கிழிந்து கிடந்த அந்த நூறு துணிகளின் பொருளும் அவனுக்கு அப்பொழுது விளங்கும்.