பாறை ஒப்பும் குமரிக்கண்டமும்

குமரிக்கண்டம் பற்றி எழுதுவோர் நிலநூலைச் சான்று காட்டுதல் நெடுநாள் வழக்கம். தேவநேயப் பாவாணரும் இலெமூரியாவே தமிழர் பிறந்தகம் எனக் கொண்டார். சொல்லாராய்ச்சியில் அவர்தம் உழைப்பைப் போற்றுவேம் யாம். எனினும் அந்நிலநூற் சான்று உண்மையில் யாது கூறுகின்றது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றேம்.

சான்றின் ஒரு முனை திருவள்ளூர் வட்டாரத்திலேயே உளது. பூண்டிக்கு மேற்கே அல்லிக்குளி மலையில் உருண்டைக் கற்கள் செறிந்த பாறையும், தெற்கே திருப்பெரும்புதூர்ப் பக்கம் செடித்தடம் பதிந்த களிப்பாறையும் வெளிப்பட்டுள்ளன. இடைநிலத்தையும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அமைந்த கீழைச் சமவெளியையும் செம்பூரானும் வண்டலும் மூடிக் கிடக்கின்றன. இங்ஙனம் தொடர்பற்று நிற்கும் பாறைகளை வரைபடத்திற் குறித்து, திருப்பெரும்புதூர், சத்தியவேடு என இரு தொகுதியாக வகுத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபுட். அவர்தம் அறிக்கை 1873-இல் வெளிவந்தது.

கல் ஒத்திருத்தலால் காலமும் ஒன்றெனல் பொருந்தாது; மணற்கல் எக்காலத்தும் தோன்றுவது. ஆதலின் உயிரெச்சங்களைத் துணைக்கொள்வர். டைலோபில்லம் என்னும் செடியின் தடம் திருப்பெரும்புதூரிலும் வடக்கே இராசமகால் மலையிலும் காணப்படுகின்றது. ஆனால் ஒரு செடியினம் மிக நெடுங்காலம் நிலைத்திருத்தலும் கூடுமன்றோ? திருப்பெரும்புதூர்ப் படிவில் கடலுயிர் எச்சமும் உடன் கிடைத்தமையாற்றான் அது கிரெட்டேசியக் காலத் தொடக்கத்தது என்று துணிய இயன்றது. அக்காலம் 10 கோடி ஆண்டுகட்கும் முற்பட்டது.

இவ்வொப்பு முறையையே கடல் கடந்து செலுத்தினார் என்றி பிளான்போர்டு. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ள செடிப்படிவுகளை ஒப்பிட்டு, இடையே நிலத்தொடர்பு இருந்தது என 1875-இல் எழுதினார். இலெமூரியா என்னும் பெயரோ, 1864-இல் சிளேட்டர் என்னும் விலங்குநூலார் இலெமூர் விலங்கின் பரவல் குறித்துப் படைத்தது. இரண்டும் நம்மவர் நூல்களில் ஒன்றாகி, அடியார்க்குநல்லார் உரையிற் கூறும் பஃறுளியாற்று நிலத்தோடும் இணைந்தன. கண்டப்பெயர்ச்சிக் கொள்கை நிலைபெற்றபின், அமிழ்ந்த கண்டம் ஒன்று வேண்டப்படாதாயிற்று.

அவ்விளக்கத்தை விடுத்து நோக்கினும், காலக்கணக்கு ஒவ்வாது. பூண்டிக்கு அணித்தான அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகட்கு 2011-இல் வெளியான ஆய்வு கூறும் அகவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு. தமிழன் என ஒருவனைச் சுட்டுதற்கு இதுவே மிகப் பழைய காலம். கடல்கோட் செய்தியை ஆராய்வோர் பனியூழி முடிவிற் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்தமையை நோக்குதல் தகும். பிளான்போர்டு அதற்குத் துணையாகார். அத்தொல்பாறைக்கும் மாந்தர்க்கும் இவ்வட்டாரத்தில் நேரே அறியலாகும் உறவு ஒன்றே: அல்லிக்குளிப் பாறையினின்று உதிர்ந்த உருண்டைக் கற்களையே அத்திரம்பாக்கத்தார் எடுத்துக் கருவி செய்தனர்.